பத்திநாதரின் இரண்டு புள்ளி

“கோவியாதையுங்கோ அக்கா, அப்பு பிரெஞ்சுக்காரனாப் போட்டார்.”

பங்குமனையில் நோட்டீஸ் அடிக்கிற வின்சன்ற் கம்பியூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினான். பிரான்சிலிருந்து நாரந்தனைச் சுவாமியாருக்கு வந்த மெசின் அது. ஞானசவுந்தரி எட்டிப் பார்த்தாள். மரண அறிவித்தலில் தகப்பன்ர பேர், பத்திநாதர். அதில் த், ர் இருக்கவேண்டிய இரண்டு இடத்திலும், தலையில் சாய்கோடு வைத்த வெள்ளைக்கார எழுத்துகள் நின்றன.

அப்புவை வீட்டில் கிடத்தியிருந்தது. நாளைக்குச் சேமக்காலையில் அடக்கம். பின்னேர லாஞ்சிப் படகில் நோட்டீஸ் போனால்தான் அவர் பிறந்த நெடுந்தீவு அறியும்.

“புள்ளியில்லாமல் அடிப்பமே? சனத்துக்கு விளங்கும்.”

“ஏலாது தம்பி. அதுகள் நான் வைக்கிற புள்ளி.”

அப்பு புள்ளி வைத்து எழுதினதேயில்லை. தன்ர வள்ளத்தின் முன்பக்க அணியத்தில் ‘அநதோனியார’ என்று கீறிவிட்டுப் போய்விடுவார். ஒருநாள், பள்ளிக்கூடம் விட்டு வந்த சின்னப்பெட்டை ஞானசவுந்தரி எண்ணெய்ப் பீப்பாவில் ஏறி, மிஞ்சின சிவப்பில் இரண்டு புள்ளி குத்தினாள்.

“மீனே வாசிக்கப்போகுது?” என்று சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு, வருசாவருசம் பெயின்ற் அடித்து எழுத்தும் எழுதி முடிய, எழுதின பிறஸை அவளிடம் நீட்டுவார். “வா மோனை, வந்து பொட்டு வை.” கலியாணம் கட்டி ஊர்காவற்றுறைக்குப் போன பிறகும் அதற்கென்று ஆளனுப்புவார். போன கிழமையும் அனுப்பினவர். ஞாயிறு வாறன் என்றிருந்தாள். வெள்ளியே அவர் போய்விட்டார்.

வின்சன்ற் மெசினை நிற்பாட்டித் திரும்பத் துவக்கினான். பிறகு தலையில் அடித்துக்கொண்டான்.

“ரெண்டாம் தமிழ் டிஸ்க்கைப் போடேல்லை அக்கா. புள்ளி எழுத்தெல்லாம் பிரெஞ்சு எழுத்தின்ர வளவிலதான் குடியிருக்குது. டிஸ்க் போடாட்டி வளவுக்காரர்தான் எட்டிப் பாப்பினம்.”

டிஸ்க்கைத் தள்ளினான். திரை ஒருக்கால் இருண்டு வெளித்தது. பத்திநாதர். இரண்டு புள்ளியும் இருந்தன. அவள் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“கண்ணாடிக்குள்ள இருக்கு, அழியாதக்கா,” என்றான் அவன் மெதுவாக.

நோட்டீஸ்கட்டை லாஞ்சிக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, அவள் கரைவழியே வீட்டுக்கு நடந்தாள். அப்புவின் வள்ளம் மணலில் ஏறிக்கிடந்தது. புது நீலம். அணியத்தில் ‘அநதோனியார.’

கீழே, நிழல் பார்த்து ஒரு பால்மாத் தகரப்பேணி. அதற்குள் மண்ணெண்ணெயில் அப்பு ஊறவைத்த பிறஸ். பக்கத்தில் மூடின சிவப்புப் பெயின்ற்.

பிறஸை எடுத்து நுனியை அமத்திப் பார்த்தாள். இறுகவில்லை.