நாற்பத்தொன்றாம் மேற்கோள்

இணைப் பேராசிரியர் மகேஸ்வரன் வேறு நால்வரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில் தொண்ணூற்று நான்கு மேற்கோள்கள் இருந்தன. ஆய்விதழ் கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஆனால் மேற்கோள் பட்டியல் தங்கள் முறைப்படி இல்லை, பத்து நாளில் திருத்தி அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்கள். அவர் அந்த மின்னஞ்சலை அப்படியே பிரேமலாவுக்குத் தள்ளிவிட்டு, வெள்ளிக்கிழமைக்குள் முடி என்று வாட்சாப்பில் ஒரு வரி போட்டார்.

பிரேமலா மலேசியாவின் ஜொகூர் பாருவில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் ஒப்பந்த ஆய்வு உதவியாளராக இருந்தாள். வயது முப்பத்திரண்டு. ஒப்பந்தம் டிசம்பரோடு முடிகிறது. அதைப் புதுப்பிக்கக் கையெழுத்துப் போட வேண்டியவரும் மகேஸ்வரன்தான். முதுகலை ஆய்வை அவள் அவரிடம்தான் செய்தாள். அன்றிலிருந்து அவருடைய கட்டுரைகளுக்குக் காற்புள்ளி போடுவதும், நூல் பெயரைச் சாய்வெழுத்தாக்குவதும் அவள் வேலையாகிவிட்டன.

இந்த இதழ் ஒவ்வொரு மேற்கோளுக்கும் இணைய எண் கேட்டது. அந்த எண்ணைத் தட்டினால் மூலக் கட்டுரை திறக்க வேண்டும். ஒன்பதாம் மேற்கோளின் எண் மீன் வளர்ப்பைப் பற்றிய ஏதோ ஒரு கட்டுரையைத் திறந்தது. தட்டச்சுப் பிழை என்று நினைத்துத் தலைப்பைத் தேடினாள். அப்படி ஒரு தலைப்பே இல்லை. பதினேழாவதும் இல்லை. இருபத்திரண்டாவதில் இதழ் உண்டு, ஆண்டு உண்டு, அந்தப் பக்கங்களில் வேறு யாரோ எழுதியிருந்தார்கள். முதல் நாள் முழுக்கத் தனக்குத்தான் தேடத் தெரியவில்லை என்று நம்பினாள். இரண்டாம் நாள் நூலகத்தில் கேட்டாள். அவர்களுக்கும் கிடைக்கவில்லை. கடைசியில் பதினோரு மேற்கோள்களுக்கு உலகத்தில் எங்கும் மூலம் இல்லை என்று உறுதியானது.

அவற்றில் ஒன்று நாற்பத்தொன்று. ஹாரிஸ், டான் என்ற இருவர் சபா மாநிலச் செம்பனைத் தோட்டங்களைப் பற்றி எழுதியதாகப் போட்டிருந்தது. கட்டுரையில் அது எங்கே வருகிறது என்று திருப்பினாள். களைக்கொல்லி அடிக்கும் பெண் ஒருத்தி பேசுவதாக மூன்று வாக்கியங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. மருந்து பட்டு நகம் கழன்று கையோடு வந்ததாம். வலிக்கவில்லையாம். வலிக்காததுதான் பயமாக இருந்ததாம்.

பிரேமலா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்துவிட்டாள்.

அது அவள் அம்மா சொன்னது. பேச்சியம்மாள் லாபிஸுக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பத்தொன்பது வருடம் மருந்து அடித்தவள். முதுகலை ஆய்வுக்காக அவளையும் இன்னும் பன்னிரண்டு பெண்களையும் பிரேமலா பேட்டி எடுத்திருந்தாள். பெயர் வெளியே வரக்கூடாது என்பதால் ஆய்வேடு அவளை ஏழாம் தொழிலாளி என்றது. 'மருந்து' என்ற சொல்லை விஷம் என்று மொழிபெயர்ப்பதா, அவர்கள் வாயில் வந்தபடியே மருந்து என்று விடுவதா என்று அன்று ஒரு வாரம் தவித்தாள். கடைசியில் மருந்து என்ற பொருளிலேயே 'மெடிசின்' என்று விட்டாள். அவள் தேர்ந்த அதே ஆங்கிலச் சொல் இங்கேயும் இருந்தது. காற்புள்ளிகூட மாறவில்லை.

மகேஸ்வரனின் அறைக்குப் போய்ப் பதினொன்றையும் காட்டினாள். அவர் பதறவில்லை. தன் குறிப்புகளில் இருந்த சில வரிகளுக்கு மூலம் மறந்துவிட்டதாகவும், ஏஐ மென்பொருளிடம் கேட்டதாகவும், அது கொடுத்ததைச் சேர்த்துக்கொண்டதாகவும் சாதாரணமாகச் சொன்னார்.

"எல்லாரும் செய்றதுதான் லா. ரெண்டு ரிவியூவர் படிச்சிட்டாங்க, ஒண்ணும் சொல்லல. நீ கமாவ மட்டும் பாரு."

"நாப்பத்தொண்ணு என் ஆய்வேட்டுல உள்ளது, டாக்டர். எங்கம்மா சொன்னது. நீங்கதான் அதுக்கு மார்க் போட்டீங்க."

அவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். அச்சில் வராத முதுகலை ஏட்டை மேற்கோள் காட்டினால் இதழ் மதிக்காது என்றார். பிறகு, பெரிய மனது வைத்தவர் போல, "ஆசிரியர் வரிசையில ஒம் பேரையும் சேத்துடுறேன். ஆறாவதா போடலாம்" என்றார்.

அவளுக்கு அவர் மேசையில் இருந்த கோப்பையை எடுத்துச் சுவரில் அடிக்க வேண்டும் போலிருந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை லாபிஸுக்குக் காரை ஓட்டிக்கொண்டு போனாள். பேச்சியம்மாள் நெத்திலியின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். வலது கையில் இரண்டு விரல்களுக்கு நகம் திரும்ப முளைக்கவே இல்லை. பிரேமலா நடந்ததைச் சொன்னாள். ஏஐ என்பதை விளக்க வேண்டியிருந்தது. மற்றதை அம்மா உடனே புரிந்துகொண்டாள்.

"நான் சொன்னத யாரு சொன்னதா போட்டிருக்காரு?"

"சபாவுல யாரோ ஒரு பொம்பள சொன்னதா."

பேச்சியம்மாள் நெத்திலித் தட்டைத் தள்ளி வைத்தாள். "கிளினிக்குக்குப் போனப்ப மேனேஜரு இந்தத் தோட்டத்துல யாருக்கும் ஒண்ணும் ஆகலன்னு எழுதிக் கொடுத்தான். இப்ப ஒன் வாத்தியாரும் சபான்னு போட்டு அதையேதானே எழுதியிருக்காரு?"

பிரேமலா அப்படி யோசித்திருக்கவில்லை. தன் உழைப்பைத் திருடிவிட்டார் என்ற கோபத்தில்தான் இரண்டு மணி நேரம் ஓட்டி வந்திருந்தாள். அந்தக் கோபம் இப்போது சின்னதாகத் தெரிந்தது. அதற்குப் பதிலாக வந்தது பெரியது, அதற்கு உடம்பில் இடம் போதவில்லை.

இதழின் தளத்தில் நுழைய மகேஸ்வரனின் கடவுச்சொல் அவளிடம் இருந்தது. அதை அவள் தொடவில்லை. தன் சொந்த முகவரியிலிருந்து பதிப்பாசிரியருக்கு எழுதினாள். பதினோரு மேற்கோள்களையும், ஒவ்வொன்றையும் எங்கெங்கே தேடினாள் என்பதையும், தன் ஏட்டின் எண்பத்து மூன்றாம் பக்கத்தையும் இணைத்தாள். மறைத்துச் செய்ததாக யாரும் சொல்லக்கூடாது என்று மகேஸ்வரனுக்கும் ஒரு பிரதி அனுப்பினாள்.

பத்து நிமிடத்தில் அவர் கூப்பிட்டார். நன்றி கெட்டவள் என்றார். தோட்டத்துப் பிள்ளை என்று பாவம் பார்த்து வேலை கொடுத்ததாகச் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியத்தை அவள் ஒரு காகிதத்தில் தேதியோடு எழுதி வைத்துக்கொண்டாள்.

ஆறு வாரத்தில் இதழ் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டது. பல்கலைக்கழகம் மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு போட்டது. விசாரணை நாளில் பேச்சியம்மாளும் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள். சாட்சிப் பட்டியலில் பெயர் இல்லை என்று அவளை வெளியே உட்கார வைத்தார்கள். உள்ளே பிரேமலா பேட்டியின் ஒலிப்பதிவைப் போட்டாள். தமிழ் தெரிந்த ஒரே உறுப்பினர், குரல் யாருடையது என்று எப்படி நிரூபிப்பீர்கள் என்று கேட்டார்.

"அவங்க வெளியிலதான் உக்காந்திருக்காங்க. கூப்பிட்டுக் கேளுங்க."

நடைமுறையில் இடமில்லை என்று தலைவர் சொல்லிவிட்டார். இரண்டு மணி நேரம் கழித்து பிரேமலா வெளியே வந்தபோது அம்மா அதே நாற்காலியில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். காரில் ஏறியதும், "கைய நீட்டிக் காட்டலாம்னு வந்தேன்" என்றாள்.

டிசம்பரில் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. பிரேமலா கெலாங் பாத்தாவில் ஒரு சரக்கு நிறுவனத்தில் ஆவணப் பிரிவில் சேர்ந்தாள். பிப்ரவரியில் குழுவின் முடிவு வந்தது. ஒரே பக்கம். மேற்கோள்களில் கவனக்குறைவு நேர்ந்ததாகவும், கெட்ட எண்ணத்துக்குச் சான்று இல்லை என்றும், பேராசிரியருக்கு ஆலோசனை வழங்கப்பட்டதாகவும் எழுதியிருந்தார்கள். அவளைப் பற்றியும் ஒரு வரி இருந்தது. வடிவமைப்புப் பணிக்கு அமர்த்தப்பட்டவர் தம் வரம்பை மீறினார்.

சாப்பாட்டு நேரத்தில் அலுவலகக் கேன்டீனில் அதைப் படித்தாள். இரண்டாம் முறை படித்தபோது அந்தக் கடைசி வரியின் கீழே பேனாவால் அழுத்திக் கோடு போட்டாள்.

மேல்முறையீட்டுக்குப் பதினான்கு நாள் இருந்தது. அன்று மாலை அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, பதிவில் உள்ள குரல் அவளுடையதுதான் என்று சத்தியப்பிரமாணக் கடிதம் ஒன்று எழுத வேண்டும், அதில் ஏழாம் தொழிலாளி என்று போட முடியாது, பெயர் வெளியே தெரிந்துவிடும் என்றாள்.

"தெரியட்டும்" என்றாள் பேச்சியம்மாள். "என் ஐசி கார்டு நம்பரையும் சேத்துப் போடு. தோட்டத்துப் பேரையும் போடு. மேனேஜரு பேரு எனக்கு ஞாபகம் இருக்கு, எழுதிக்கிறியா?"

பிரேமலா பேனாவை எடுத்தாள்.