சொல்லாமல் ஓட்டிய சோதனை

முப்பத்தொன்று. இந்த வாரத்தில் மூன்றாவது முறையாக அதே எண். கீபோர்டைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது அவளுக்கு. இணைய வேகம் எண்பது மெகாபிட் வந்தாக வேண்டிய இடத்தில் முப்பத்தொன்றை வைத்துக்கொண்டு நாக்கு வழிப்பதா?

அவள் சோதித்துக்கொண்டிருந்த ரவுட்டர் இருந்தது மலைக்கு அந்தப் பக்கம், கம்பெனியின் குளிர்பதனக் கிடங்கில். அவள் இருந்தது இந்தப் பக்கம், தலைமை அலுவலகத்தின் நான்காம் மாடியில். இங்குள்ள சர்வரிலிருந்து தரவை வாரி இறைத்து, அங்கே எவ்வளவு போய்ச் சேருகிறது என்று பார்க்க வேண்டும். கையில் லேப்டாப்போடு விவரம் தெரிந்த ஓர் ஆள் அங்கே நின்றால் சீக்கிரம் முடிகிற வேலைதான். ஆள் அனுப்ப மேனேஜருக்கு மனம் வரவில்லை.

எண்பது வந்துவிட்டால் கேமராக்களையும் குளிர் அளவையும் இங்கிருந்தே கவனிக்கலாம். கிடங்குக்குப் பொறுப்பாளர் என்று ஒருவர் அங்கே தங்க வேண்டியதில்லை. அந்தப் பொறுப்பாளர் வேறு யாருமில்லை, அவள் புருஷன். மூன்று வருடமாக அவன் அங்கே, அவளும் மகளும் இங்கே. எப்போதாவது விருந்தாளி மாதிரி வந்துவிட்டுப் போவான். தலைமை அலுவலகத்தில் அவனுக்கு ஓர் இடம் பேசி வைத்தாயிற்று. எண்பது வராவிட்டால் திட்டத்தையே மூட்டை கட்டிவிட்டு, அவனை அங்கேயே இன்னும் மூன்று வருடம் போட்டுவிடுவார்கள். இன்று மாலைக்குள் அறிக்கை போக வேண்டும்.

இணைய லைன் கொடுத்த கம்பெனிக்குப் போன் போட்டாள்.

"மேடம், ரவுட்டரை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்களேன்."

"தம்பி, அது மலைக்கு அந்தப் பக்கம் இருக்கு. என் கை அவ்வளவு நீளம் இல்ல."

"அங்க யாராவது இருந்தா செய்யச் சொல்லுங்க மேடம்."

"ஒருத்தர் இருக்கார். இருந்தும் இல்லாத மாதிரி!"

பின்னே என்ன? கட்டிய புருஷன் ரவுட்டருக்கு அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கிறான். உதவி கேட்டால், "எனக்கும் அந்தப் பெட்டிக்கும் ஆகாது, எதையாவது பிடுங்கி வச்சுடுவேன்" என்று கையை விரிக்கிறான். அவளும் முறை தவறாமல் ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் அவனைக் கூப்பிட்டு, "டெஸ்ட் ஓட்டப் போறேங்க, லைனை யாரும் தொடாதீங்க" என்பாள். "நான் எதுக்கு மா தொடப்போறேன்" என்பான் அவன்.

மேனேஜர் கதவருகே தலையை நீட்டினார். "என்னம்மா, தேறுமா தேறாதா?"

"பார்த்துட்டே இருக்கேன் சார்."

வந்த எரிச்சலில் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் சோதனையை மறுபடி தட்டிவிட்டாள். தொண்ணூற்று நான்கு என்றது திரை. கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு முறை ஓட்டினாள். தொண்ணூற்று மூன்று. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. மகளுக்கு உடனே சொல்ல வேண்டும் என்று போனைக்கூடக் கையில் எடுத்துவிட்டாள்.

ஆனால் காரணம் தெரியாமல் கூடிய எண்ணை நம்ப அவள் தொழில் விடாது. இங்கிருந்தபடியே ரவுட்டருக்குள் நுழைந்து, எந்த ஒயரில் எப்போது எவ்வளவு ஓடியது என்ற வரைபடத்தைத் திறந்தாள். முந்தைய மூன்று சோதனைகளின்போதும் ஒரே ஒரு ஒயர் லைனில் பெரும்பங்கை விழுங்கியிருந்தது. சோதனை முடிந்ததும் சாதுவாகப் படுத்துவிட்டது. மற்ற நேரமெல்லாம் அதில் ஒரு சலனமும் இல்லை. அந்த ஒயர் போய்ச் சேருவது பொறுப்பாளரின் கம்ப்யூட்டருக்கு.

உடனே அவனைக் கூப்பிட்டாள்.

"என்ன மா, டெஸ்டா?"

"முடிஞ்சிடுச்சு. தொண்ணூத்தி நாலு."

"சொல்லவே இல்லையே?" என்றான்.

"சொன்னப்பல்லாம் உங்க கம்ப்யூட்டர் எதை இழுத்துட்டு இருந்துச்சு?"

"அது... ஏதோ படம் டவுன்லோடு..."

"மூணு தடவையுமா? நான் போனை வச்சதும் ஆரம்பிக்குது, டெஸ்ட் முடிஞ்சதும் நிக்குது. என் காதுலயே பூ சுத்துறீங்களா?"

மழுப்பிப் பார்த்தான். முடியவில்லை.

"இங்க எந்த மோட்டார் எப்ப முனகும்னுகூட எனக்குத் தெரியும். அங்க வந்தா டம்ளர் எங்க இருக்குன்னு பாப்பாகிட்ட கேக்கணும். போன தடவை கேட்டேன். 'அப்பா, நீங்க யாரோ அங்கிள் மாதிரி கேக்கறீங்க'ன்னு சிரிச்சா. உங்க ரெண்டு பேருக்கு நடுவுல நான் எங்க உக்காருவேன்? பயமா இருக்கு மா."

அவளுக்கு ஆத்திரம் தலைக்கு ஏறியது; கூடவே அழுகையும். லைன் கம்பெனித் தம்பியை வாரம் முழுக்க வறுத்தெடுத்தாளே, அவன் என்ன பாவம் செய்தான்?

"அதை என்கிட்ட சொன்னா நான் என்ன, கடிச்சுத் துப்பிடுவேனா?"

"முப்பத்தொண்ணுன்னே எழுதிடேன். யாருக்கும் தெரியாது."

அவள் அறிக்கையில் தொண்ணூற்று நான்கு என்று அடித்து, மேனேஜருக்கு அனுப்பினாள்.

"அனுப்பிட்டேன். லைன் நல்லா இருக்குன்னு சொல்றது என் வேலை, சொல்லிட்டேன். வர்றீங்களா இல்லையான்னு நீங்கதான் சொல்லணும். இனிமே பழியை லைன் மேல போட முடியாது."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு காத்திருந்தாள். அந்தப் பக்கம் அவன் மூச்சு விடுவது தெளிவாகக் கேட்டது.