ஏரம்பருக்குரிய வெள்ளிக்கிழமை

1

ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எனக்கு ஒரு பஸ் யன்னலால் கிடைத்தது. பருத்தித்துறையிலிருந்து வந்துகொண்டிருந்தேன். புத்தூரில் யாரையோ ஏற்ற பஸ் நின்றது. இரண்டு மாரி பொய்த்துப் போன வருடம் அது. செம்மண் தோட்டமெல்லாம் வெடித்துக் கிடந்தது. வீதியோரத்தில் ஆளில்லாத காணி ஒன்று, நாயுண்ணிப் பற்றை இடுப்பளவு வளர்ந்திருந்தது. பற்றைக்கு நடுவே ஒரு வாய்க்கால். அந்த வாய்க்கால் ஈரமாக இருந்தது.

அவ்வளவுதான். பஸ் எடுத்துவிட்டது. குடிக்கிற தண்ணீருக்கே சனம் அல்லாடுகிற நேரத்தில் பற்றைக்கு எவன் தண்ணீர் கட்டுகிறான்? யோசித்துக்கொண்டே இருந்ததில், நீர்வேலியில் இறங்க வேண்டியவன் கோப்பாயில் போய் இறங்கினேன்.

2

தொடக்கம் ஒன்று: 'சுபாஜினி கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தாள். கிணறும் அவளை' —

சீ. கிணறும் அவளைப் பார்த்தது என்று எழுதப் போனேன். வெட்கக்கேடு.

தொடக்கம் இரண்டு: 'யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடி நீரைப் பொறுத்தவரையில்' —

இது கட்டுரை. பஸ்ஸில் இப்படி ஒருவர் பேசத் தொடங்கினால் நானே இடம் மாறி இருப்பேன். ஆனால் அதிலிருந்து ஒரு விஷயம் உங்களுக்கு வேண்டும். குடாநாட்டில் ஆறு கிடையாது, எல்லாம் கிணறுதான். சுண்ணாம்புக் கல்லுக்குள் கடல் தண்ணீர் கீழே நிற்கிறது. நல்ல தண்ணீர் அதற்கு மேலே, பாலில் ஆடை மாதிரி மெல்லிதாகக் கிடக்கிறது. அளவோடு இறைத்தால் நல்ல தண்ணீர் வரும். ஆத்திரப்பட்டு இறைத்தால் கீழே உள்ளது மேலே ஏறிவிடும். அதைச் சவர் என்பார்கள். சவர் ஏறிய கிணற்றை நம்பி யாரும் வெங்காயம் நடுவதில்லை.

தொடக்கம் மூன்று: 'அந்தக் கிணற்றில் வெள்ளிக்கிழமைகளில் எவரும் இறைப்பதில்லை.'

இது இருக்கட்டும்.

3

அது பங்குக் கிணறு. மூன்று குடும்பத்துக்குப் பொது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் இறைக்கிற நாள் உண்டு, அதற்குப் பெயர் முறை. அடுத்தவன் முறையில் கை வைக்கிறவனை ஊர் ஒரு மனுசனாகவே எண்ணாது.

ஒரு பங்கு சுபாஜினியுடையது. நாற்பதைத் தாண்டியவள், நல்ல வாய்க்காரி. அவளுடைய புருசன் கேதீஸ்வரன் பயந்த சுபாவம். மனைவி பேசி முடித்த பிறகு 'ஓம்' என்று சொல்வதோடு அவனுடைய பேச்சு முடிந்துவிடும். இரண்டாவது பங்கு பொன்னம்பலத்தாருடையது. பீற்றூட் போடுகிறவர். மூக்கு நுனியில் கோபம்.

மூன்றாவது ஏரம்பருடையது.

(ஏரம்பர் முதற்பிரதியில் இருந்தார். மெல்லிய குரலில் ஓயாமல் கதைத்துக்கொண்டே இருந்தார். சுபாஜினிக்கு வாய் திறக்க இடமில்லை. இந்தாள் கதையைத் தின்றுவிடும் என்று அடுத்த பிரதியில் எடுத்துவிட்டேன். 'இடம்பெயர்ந்து வன்னிக்குப் போன குடும்பம், பிறகு தகவல் இல்லை' என்று ஒரு வரி போட்டேன். எங்கள் ஊரில் ஒரு குடும்பத்தை இல்லாமல் ஆக்குவதற்கு அந்த ஒரு வரி போதும். வாசித்த ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை.)

ஆளை எடுத்துவிட்டேன். அவருடைய நாளை எடுக்க முடியவில்லை. கிழமையை மாற்றி மாற்றிப் பங்கு போட்டுப் பார்த்தேன். எப்படிப் போட்டாலும் வெள்ளி தனியாக மிஞ்சியது. சரி, கிடக்கட்டும் என்று விட்டேன்.

இப்போது சுபாஜினியின் சங்கடத்துக்கு வருகிறேன். வெங்காயம் திரளுகிற பருவம். தாள் நுனி மஞ்சளடித்துவிட்டது. அவளுடைய முறைக்குக் கிணற்றில் நிற்கிற தண்ணீர் பாதித் தோட்டத்துக்குத்தான் காணும். இந்தப் போகமும் போனால் அடுத்த நடுகைக்கு விதை வெங்காயமும் மிஞ்சாது, தோட்டத்தைக் கைவிட வேண்டியதுதான். அவளுடைய தங்கை பிரசாந்தி அப்படித்தான் கைவிட்டாள்; இன்றைக்குக் கொடிகாமச் சந்தையில் அடுத்தவனுடைய மரக்கறியைத் தரம் பிரித்துக்கொண்டு இருக்கிறாள். 

"மாமா, வாற வெள்ளி நான் இறைக்கப்போறன்."

பொன்னம்பலத்தார் மண்வெட்டியைக் கீழே போட்டார். "உனக்கென்ன விசரே? அது ஏரம்பன்ரை முறை."

"ஏரம்பண்ணை எங்கை?"

"அது எனக்குத் தெரியாது. முறை இருக்கு."

"ஆளில்லாத முறையாலை ஆருக்குப் பிரியோசனம்? என்ரை வெங்காயம் செத்தால் முறை வந்து அழுமே?"

"இஞ்சை பார் பிள்ளை. நீ வெள்ளியிலை கை வைச்சால் நான் வாய் பாத்துக்கொண்டு நிப்பனே? நானும் வைப்பன். பிறகு கிணறு ஆறுறது எப்ப? சவர் ஏறினால் உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது.

4

வெள்ளிக்கிழமை காலை, வெயில் ஏற முதலே இறைக்கத் தொடங்கினார்கள்.

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கிணற்றடியில் இறைக்கிற மிசினோடு நிற்பார். மற்றவர் தோட்டத்தில் நின்று பாத்தி பாத்தியாகத் தண்ணீரை மாற்றிவிடுவார். ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தெரியமாட்டார், நடுவில் வேலி. தண்ணீர் போதுமென்றால் தோட்டத்தில் நிற்கிறவர் "காணும்!" என்று கத்துவார். கேட்ட உடனே மிசினை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் வரம்பு உடைந்துவிடும். தலைமுறை தலைமுறையாக இதுதான் பழக்கம்.

கேதீஸ்வரன் கயிற்றை இழுத்தான். மிசின் இருமி இருமிப் பிடித்தது. சுபாஜினி தோட்டத்தின் கடைசிக்குப் போய் மண்வெட்டியோடு நின்றாள். தண்ணீர் வரவில்லை. கொஞ்சம் பொறுத்தாள். வரவே இல்லை.

வாய்க்காலோடு திரும்பி நடந்தாள். வாய்க்கால் இரண்டாகப் பிரிகிற இடத்தில், அவளுடைய பக்கத்து வாய் மண் போட்டு அடைக்கப்பட்டிருந்தது. ஏரம்பருடைய பக்கம் திறந்து கிடந்தது. தண்ணீர் முழுக்க நாயுண்ணிப் பற்றைக்குள் போய்க்கொண்டிருந்தது. அடைத்த மண்ணை யாரோ குதிக்காலால் மிதித்து இறுக்கியிருந்தார்கள். குதியின் அடையாளம் இன்னும் ஈரமாக இருந்தது.

"ஆரடா அது?" என்று கத்தினாள். பற்றைக்குள் ஓணான்கூட அசையவில்லை.

வெங்காயம் பெரிதா, பயம் பெரிதா? தன் பக்கத்து வாயின் மண்ணை வெட்டித் திறந்தாள், மற்றதை அடைத்தாள், திரும்பி ஓடினாள். இந்தத் தடவை தண்ணீர் வந்தது. ஒரு பாத்தி, அடுத்த பாத்தி என்று மண் குடிக்கிற சத்தம் கேட்டது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

பாதித் தோட்டம் முடிகிற நேரம் மிசின் நின்றது.

கிணற்றடிக்கு ஓடினாள். "ஏனப்பா நிப்பாட்டினனீங்கள்?"

"நீர்தானே 'காணும்' எண்டு கத்தினனீர்."

"நான் வாயே திறக்கேல்லை."

கேதீஸ்வரன் வேலிப் பக்கம் திரும்பிப் பார்த்தான். "அப்ப ஆர்?"

"என்ன குரல்? ஆம்பிளையே, பொம்பிளையே?"

"நான் அதைக் கவனிக்கேல்லை. காணும் எண்டால் நிப்பாட்டுறதுதானே. ஆர் எண்டு பாக்கிறதில்லையே."

குழாயின் வாயில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரைக் கையில் ஏந்தி அவள் நாக்கில் வைத்தாள். நுனியில் இலேசாகக் கரித்தது. சவரோ, பயத்தில் வாய் காய்ந்ததோ தெரியவில்லை. பாதித் தோட்டம் இன்னும் காய்ந்து கிடந்தது. அவள் மிசின் கயிற்றைப் பிடித்தாள்.

"வேண்டாமப்பா," என்றான் கேதீஸ்வரன். கலியாணம் முடித்த நாள்தொட்டு அவன் அவளுக்கு மறுத்துச் சொன்ன முதல் வார்த்தை அது.

"கையை எடுங்கோ," என்றாள். கயிற்றை

5

இதற்கு மேல் எழுத முடியவில்லை. என்னிடம் மூன்று முடிவு இருந்தது.

அ) எல்லாம் பொன்னம்பலத்தாரின் வேலை. வேலிக்குப் பின்னால் ஒளித்து நின்று வாய்க்காலை அடைத்ததும் அவர், கத்தியதும் அவர். புத்தியுள்ள முடிவு. ஆனால் அன்று காலை அந்த மனுசனைப் பீற்றூட் மூட்டையோடு கொடிகாமச் சந்தைக்கு அனுப்பிவிட்டேன்.* திருப்பிக் கூப்பிட்டுப் பார்த்தேன். பஸ் இல்லை.

ஆ) 'வடக்கே இருண்டுகொண்டு வந்தது. முதல் துளி' — இந்த வைகாசி வெயிலிலா? சுபாஜினி என் முகத்தில் காறித் துப்புவாள்.

இ) அவள் கயிற்றை இழுக்கிறாள். வெங்காயம் பிழைக்கிறது அல்லது கிணறு சாகிறது. இதுதான் நேர்மையான முடிவு. உட்கார்ந்து எழுதினேன். 'இழுத்தாள். மிசின் பிடித்தது.' அடுத்த வரியில் மிசின் நின்றது. அழித்துவிட்டு மறுபடி எழுதினேன். மறுபடியும் அடுத்த வரியில் நின்றது. நான் நிறுத்தவில்லை. சத்தியமாக நான் நிறுத்தவில்லை.

* எங்கே எழுதினேன் என்று தேடாதீர்கள். வெட்டிய பக்கத்தில் இருக்கிறது.

6

ஒரு எழுத்தாளன் தன் கதைக்குப் பயப்படுவது கேவலம். நேரில் ஒருமுறை பார்த்துவிட்டால் தெளிந்துவிடும் என்று காலையில் பஸ் ஏறிப் புத்தூரில் இறங்கினேன்.

பற்றைக் காணி அப்படியே இருந்தது. பக்கத்தில் வெங்காயத் தோட்டம், தாள் நுனி மஞ்சள். மண்வெட்டியோடு ஒரு பெண் நின்றாள். கதை எழுதுகிறேன் என்றேன்.

"கதையோ? எழுதுங்கோ, எழுதுங்கோ. இப்ப அது ஒண்டுதான் குறை."

ஒரு பெயரும் சொல்லாமல் கதையை மட்டும் சொன்னேன். காணாமற்போன ஒரு ஆளின் முறை, அந்த நாளில் ஒரு குரல், இவ்வளவும்தான். அவள் சிரிக்கவில்லை.

"ஏரம்பண்ணைக்குக் கத்திற குரல் இல்லை," என்றாள். "அவர் மெல்லமாத்தான் கதைக்கிறவர். அது வேறை ஆரோ."

அந்தப் பெயரை நான் எழுதியிருந்தேனே தவிர இந்த ஊரில் ஒருவருக்கும் சொன்னதில்லை. அவளுடைய பெயரைக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

"வந்தனீங்கள், சும்மா நிக்காமல் உந்த வாய்க்காலடியிலை நில்லுங்கோ. தண்ணி சவர்க்குதெண்டால் ஒரு சத்தம் வையுங்கோ. இண்டைக்கு என்னெண்டாலும் தண்ணி கட்டி முடிக்கவேணும்." சொல்லிவிட்டுத் தோட்டத்தின் கடைசிக்கு நடந்தாள்.

வேலிக்கு அப்பால் ஒரு மிசின் இருமி இருமிப் பிடித்தது. அப்போதுதான் இன்றைக்கு வெள்ளிக்கிழமை என்று நினைவு வந்தது.

தண்ணீர் வருகிறது. வாய்க்கால் இரண்டாகப் பிரிகிற இடத்தில் நிற்கிறேன். ஒரு பக்கத்து வாயில் கரை கரைந்து உடைகிற மாதிரித் தெரிகிறது. எந்த வாய் யாருடையது என்று எனக்கு எப்படித் தெரியும்? பதறிப்போய் மண்ணை அள்ளிப் போட்டுக் குதிக்காலால் மிதித்து இறுக்குகிறேன். தண்ணீர் மற்றப் பக்கம் திரும்பிப் பற்றைக்குள் ஓடுகிறது.

அவள் வருகிறாள். அடைத்த இடத்தைப் பார்க்கிறாள். "ஆரடா அது?" என்று கத்துகிறாள்.

"நான்தான், தெரியாமல்..." என்கிறேன்.

அவளுக்குக் கேட்கவில்லை. நான் நிற்கிற இடத்தைப் பார்க்கிறாள், என்னைத் தாண்டிப் பற்றையைப் பார்க்கிறாள். மண்ணை வெட்டித் திறந்துவிட்டு ஓடுகிறாள்.

தண்ணீர் அவளுடைய பாத்திகளுக்குப் போகிறது. குனிந்து ஒரு கை அள்ளி வாயில் வைக்கிறேன். நல்ல தண்ணீர். இன்னொரு கை. அதுவும் நல்லதுதான். அடுத்த கையில் என்னவோ கரிக்கிற மாதிரி இருக்கிறது. போத்தல் தண்ணீர் குடித்துப் பழகிய நாக்கு, இதை நம்பி என்ன சொல்ல? இது சவர் என்றால் இந்த நிமிஷமே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் கிணற்றை நம்பியிருக்கிற எல்லோருக்கும் தோட்டம் முடிந்தது. சவர் இல்லையென்றால், நான் கத்துகிற கத்தலில் அவளுடைய பாதி வெங்காயம் இன்றைக்குச் செத்துப்போகும்.

அவள் கண்ணுக்கு நான் தெரியவில்லை. ஆனால் மிசினடியில் நிற்கிறவனுக்கு என் குரல் கேட்கும். யார் என்று அவன் பார்க்கமாட்டான்.

இவ்வளவு தூரம் என்னோடு வந்தீர்கள். குனிந்து ஒரு கை அள்ளுங்கள். சீக்கிரம், தண்ணீர் பாதித் தோட்டத்தைத் தொட்டுவிட்டது. உங்கள் நாக்கு என்ன சொல்கிறது?