மூர்த்தி அழுத்திய பொத்தான்

சித்ரா பௌர்ணமி வந்தாலே எனக்கு எரிச்சல் தொடங்கிவிடும். கூட்டம் நெரியும், செல்போன் எடுக்காது. அன்றைக்குக் கிரிவலப் பாதையில் சேதி சொல்ல எங்கள் ஹாம் ரேடியோ சங்கத்துப் பன்னிரண்டு பேர்தான். லாட்ஜ் மொட்டைமாடியில் இருக்கும் எங்கள் ரிப்பீட்டர், ஒருவர் கைக்கருவியில் பேசுவதை வாங்கி மற்ற எல்லோருக்கும் அனுப்பும். ஒரு நேரத்தில் ஒரு குரல்தான். பொத்தானை அழுத்திக்கொண்டு பேச வேண்டும்; விடும்வரை அழுத்தியவருக்கு எதுவும் கேட்காது, மற்றவர் யாரும் பேசவும் முடியாது.

இதை எங்களுக்குப் படித்துப் படித்துச் சொன்னவரே சங்கத்து மூத்தவரான மூர்த்தி அண்ணன்தான். பொத்தானை விட ஒரு நொடி தாமதித்தாலும் கடித்துக் குதறுவார்.

மாலை ஐந்து மணி இருக்கும். அடி அண்ணாமலையில் சங்கத்து மேசையில் நான் உட்கார்ந்திருந்தேன். கருவியில் அவர் குரல் உடைந்து வந்தது.

"அன்பு, பாப்பாவைக் காணோம். ஓவியா. மஞ்ச கவுனு. கையப் புடிச்சிக்கினுதான் இருந்தேன்..."

அவர் மகள், ஏழு வயதுப் பிள்ளை.

"எங்க இருக்கீங்கண்ணா?"

மனிதர் பொத்தானை விடவே இல்லை. மூச்சிரைப்பும் "ஓவியா! ஓவியா!" என்ற கூப்பாடும் எங்கள் எல்லோர் கருவியிலும் ஓடிக்கொண்டே இருந்தன.

பத்து நிமிடத்தில், மேசைக்குப் பக்கத்தில் மோர் விற்கும் காசியம்மாள் ஒரு பிள்ளையை இழுத்து வந்தாள். மஞ்சள் கவுன்.

"உங்க ஆளு பொண்ணாம்மா? பலூன்காரன் பின்னாலயே போய்க்கினு இருந்திச்சி."

"கெடைச்சிட்டாண்ணா! எங்கிட்டதான் இருக்கா!" என்று கருவியில் கத்தினேன். நாலு தடவை கத்தினேன். ஒருவருக்கும் எட்டவில்லை. யாருக்கு இந்தச் சேதி வேண்டுமோ அவரே வழியை அடைத்துக்கொண்டிருந்தார். பாவி மனுஷா, விரலை எடுத்துத் தொலையேன் என்று திட்டினேன். ஆத்திரத்தில் அழுகை வந்தது.

"அண்ணாமலையாரே, அவ அம்மாகிட்ட என்னன்னு போய் சொல்லுவேன்?" என்று கருவி விம்மியது.

ஓவியா அதையே பார்த்தாள். "அப்பா அழுவறாரு" என்றாள். அவளும் ஆரம்பித்தாள்.

அப்போது அவர் குரலுக்குப் பின்னால் ஓர் ஒலிபெருக்கி கேட்டது. "புளியோதரை தீர்ந்துபோச்சி. தயிர்சாதம் இருக்குது, வரிசையில வாங்க." அந்த அன்னதானப் பந்தலில்தான் நான் மதியம் சாப்பிட்டேன். அரை கிலோமீட்டர் பின்னால் போக வேண்டும். மேசையில் காசியம்மாளை உட்காரவைத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்கு எதிரே நடந்தேன். கிரிவலத்தில் எதிரே வருபவளை யார் விடுவார்கள்? ஆளாளுக்குத் திட்டினார்கள். நானும் திருப்பித் திட்டினேன்.

மூர்த்தி அண்ணன் பந்தல் கம்பத்தில் சாய்ந்து நின்றிருந்தார். பிள்ளையைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒரு கையால் அவளைக் கட்டிக்கொண்டார். மற்றொரு கை கருவியை நெஞ்சோடு இறுக்கியிருந்தது.

"பொத்தான விடுங்கண்ணா."

அவருக்குப் புரியவில்லை. கட்டைவிரல் வெளுத்து மரத்துக் கிடந்தது. நானேதான் பிரித்தேன்.

விட்டதுமே கருவி பேசியது. மூட்டுவலிக்காரர், தபால் ஆபீசில் ஓய்வுபெற்ற சக்கரபாணி சார்; எங்கள் சங்கத்தவர், அன்றைக்குத் தீர்த்தக் குளத்தருகே அவருக்குக் காவல். மூச்சு வாங்கியது.

"மூர்த்தி, கேக்குதா? கொளத்துல எறங்கிப் பார்த்துட்டேன். ஒண்ணும் இல்ல. மறுபடியும் எறங்கறேன்."

மூர்த்தி அண்ணன் முகம் என்னவோ ஆனது. கருவியை என்னிடம் தள்ளினார்.

"நீயே சொல்லும்மா. எனக்கு வாய் வரல."

அழுத்தினேன். "சார், ஏறி வாங்க. ஓவியா கெடைச்சிட்டா. நல்லா இருக்கா." விரலை எடுத்தேன்.

வழி திறந்தது. பிறகு தண்ணீர் சொட்டும் சத்தத்தோடு சக்கரபாணி சார் குரல் வந்தது.

"இன்னொரு தடவ சொல்லும்மா."