மூன்றாவது வரிசையில் ஒரு ஞாயிறு

...குரல்கூட அப்படியொன்றும் பெரிய குரல் இல்லையே, இறையியல் கல்லூரியில் இவனை எழுப்பி வாசிக்கச் சொன்னால் அடுத்த பெஞ்சுக்கே கேட்காது, பிரசங்க வகுப்பில் குறட்டை விட்டுத் தூங்கியவன், தேர்வுக்கு முதல் நாள் ‘அண்ணே, எது வரும்னு மட்டும் சொல்லுங்கண்ணே’ என்று தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றவன், கல்லூரியில் போதகருக்கு இளையவன், அதே ஆள் இப்போது போதகரின் சபையில், போதகரின் மைக்குக்கு முன்னால் கையைக்கூட ஆட்டாமல் பேசுகிறான், ஜனம் வாயைப் பிளந்துகொண்டு கேட்கிறது... முன்னுரை எங்கே? இல்லை. தலைப்பு? அதுவும் இல்லை. சந்தையில் தெரிந்தவரைப் பார்த்தால் பேசுகிற மாதிரிப் பேசுகிறான், இதற்கா இவ்வளவு அமைதி? போதகருக்குத் தொண்டையில் புண் வந்து, கொஞ்ச நாளைக்குப் பிரசங்கமே கூடாது என்று டாக்டர் அடித்துச் சொல்லிவிட்டதால் வந்த ஏற்பாடு இது. மேடை நாற்காலியில் உட்கார்ந்தால் இருமல் மைக்கில் விழும் என்று கீழே இறங்கி, மூன்றாவது வரிசையில் மனைவிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் சும்மா இருந்தாரா என்றால் அதுதான் இல்லை, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இளையவனின் பேச்சை வரி வரியாகப் பிரித்து மேய்ந்துகொண்டிருந்தார். இதோ நிறுத்துகிறான்... இன்னும் நிறுத்துகிறான்... இவ்வளவு நேரம் பேசாமல் நின்றால் ஜனம் நெளியாதா, இருமாதா? யாரும் இருமவில்லை. இருமியது போதகர் மட்டும்தான்.

அப்போதுதான் பக்கத்தில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. சளி ஒட்டிக்கொண்டதோ, என்னிடமிருந்துதான் போயிருக்கும் என்று திரும்பிப் பார்த்தால்... அழுகிறாள். இவளா? கட்டில் விளிம்பில் காலை இடித்துக்கொண்டாலும் ‘ஒண்ணுமில்லீங்க’ என்று அடுத்த வேலையைப் பார்க்கப் போகிறவளா? அடிமடியில் கை வைத்தது போலிருந்தது போதகருக்கு. எத்தனை வருஷமாக மேடையிலிருந்து அவர் தேடியது இந்த ஒரு முகத்தைத்தானே. முன்வரிசைப் பெரியவர் கண்ணைத் துடைப்பார், போதகர் வெறும் அறிவிப்பு வாசித்தாலும் துடைப்பார், அது கணக்கில் வராது. இவள் முகத்தில் ஏதாவது அசைகிறதா, இந்த இடத்தில், இந்த உதாரணத்தில், குரலை இறக்கி மெல்லச் சொல்கிற இந்தக் கடைசி வரியில்? அசையாது. வீட்டுக்குப் போகிற வழியில் கேட்டால் ‘நல்லா இருந்துச்சுங்க’ என்பாள். புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு போய் நின்றாலும் அதே பதில்தான், அதே குரல்தான். அதற்காக என்னதான் செய்யவில்லை மனுஷன்? குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் கையை எந்த உயரத்தில் தூக்குவதென்று பழகினார், கைப்பேசியில் தன் குரலையே பதிவு செய்து கேட்டுத் தனக்கே தூக்கம் வந்ததைக் கண்டுபிடித்தார், நீளத்தைக் குறைத்தார், கதை சேர்த்தார், ஒரு ஞாயிற்றுக்கிழமை மேடையை விட்டு இறங்கி நடைபாதையில் நடந்துகொண்டே பேசி மைக் வயரில் தடுக்கி விழப் பார்த்தார். முழங்காலில் நின்றால் வாயில் வருவது ஒரே ஜெபம்தான், ஆண்டவரே, என் பேச்சு ஒரு ஆளையாவது தொடட்டும். அந்த ஒரு ஆள் யாரென்று ஆண்டவருக்குச் சொல்லித்தான் தெரியவேண்டுமா?

சரி, எந்த வரிக்கு அழுதாள்? அது தெரிந்தால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு... ஆனால் எந்த வரி? அவன் எத்தனை தரம் நிறுத்துகிறான், எந்தக் காலில் நிற்கிறான் என்று பார்த்துக்கொண்டிருந்ததில் என்ன சொன்னான் என்பதையே கோட்டை விட்டாயிற்று. தன் அம்மா செத்துப்போனதைப் பற்றி ஏதோ சொன்னான்... ‘மேடையில ஜெபம் பண்ணுவேங்க, வீட்ல உக்காந்தா ஒரு வார்த்த வராது, என் சம்சாரத்துக்குக்கூட தெரியாது’ என்றானே, அதுவா? அதில் அழ என்ன இருக்கிறது? நாமும்தான் துக்கத்தைப் பற்றி நான்கு வாரம் தொடர்ச்சியாகப் பேசினோம், வேதத்தின் மூலமொழி அர்த்தமெல்லாம் சொல்லி... கேட்டுவிடலாமா அவளிடம், இப்போதே, எதுக்கும்மா அழுற என்று? கேட்டால் ‘ஒண்ணுமில்லீங்க’ என்பாள்.

இளையவன் பேச்சை முடித்துவிட்டான் போலிருக்கிறது, பக்கத்துல இருக்கிறவங்க பக்கம் திரும்புங்க, உங்களுக்காக என்ன ஜெபிக்கணும்னு கேளுங்க, ரெண்டு பேரா சேர்ந்து ஜெபிங்க என்றான். அட, இது நம்முடைய வழக்கமாயிற்றே! வாரம் தவறாமல் போதகர் செய்ய வைப்பதுதான், சபைக்கும் பிடித்துப்போன ஒன்று, கீழே எல்லாரும் குசுகுசுவென்று பேசுகிற அந்தக் கொஞ்ச நேரத்தில் அவர் திரும்பி நின்று ஒரு மிடறு தண்ணீர் குடிப்பார், அடுத்த பகுதியை ஒரு ஓட்டு ஓட்டிப் பார்த்துக்கொள்வார். நல்லதாயிற்று, இவளே சொல்லிவிடுவாள் என்று போதகர் தன் வலப்பக்கம் திரும்பிக் கையை நீட்டினார்.

அவள் அந்தப் பக்கம் திரும்பியிருந்தாள். அங்கே மருந்துக்கடைக்காரர் மனைவி. கூப்பிடாமலே இரண்டு பேரின் கைகளும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன, தினம் திறக்கிற கதவின் தாழ்ப்பாளைப் பார்க்காமலே திறப்பது போல. புருஷன் பக்கத்தில் இருப்பதை மறந்தேவிட்டாளா? மறந்துதான்விட்டாள், ஞாயிற்றுக்கிழமையில் அவர் அங்கே இருந்து பழக்கமில்லையே.

“என்னம்மா, இந்த வாரம்?” என்றாள் அந்த அம்மாள்.

“அதேதான்க்கா. இன்னும் அப்படியேதான் இருக்கு.”

“சரி சரி, பண்ணுவோம்.” அந்த அம்மாள் கேள்வி ஏதும் கேட்கவில்லை, பையைத் திறந்து நாலாக மடித்த கைக்குட்டையை எடுத்து அவள் மடியில் வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அதேதான் என்றால் எதுதான்? என்ன இருக்கிறது இன்னும் அப்படியே? மருந்துக்கடைக்காரர் மனைவிக்குத் தெரிந்திருக்கிறது, ஒரே வீட்டில் ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறவனுக்கு... உடம்புக்கு ஏதாவதா? பிள்ளை இல்லையென்று இன்னுமா? அதையெல்லாம் கடந்து வந்துவிட்டோம் என்றுதானே... யார் சொன்னது கடந்துவிட்டோம் என்று, அவள் சொன்னாளா, நான் சொன்னேனா? இல்லை... அப்படியே இருப்பது நானா? ஜெபத்தின் சத்தம் நாலு பக்கமும் எழும்பிக்கொண்டிருந்தது, போதகர் காதைத் தீட்டிக்கொண்டு குனிந்தார், அந்த அம்மாளின் உதடு அசைந்ததே தவிர ஒரு வார்த்தை பிடிபடவில்லை. மனைவியின் தோள் குலுங்கியது. அந்த அம்மாள் கண்ணைத் திறக்காமலே ஒரு கையை எடுத்து அவள் முதுகில் வைத்தாள், சரியாகக் குலுங்குகிற இடத்தில்.

போதகருக்குத் நீட்டிய தன் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு இந்தப் பக்கம் திரும்பியவள் அந்தக் கையைப் பார்த்தாள், பிறகு அவர் முகத்தை.

“உங்களுக்கு என்னங்க ஜெபிக்கணும்?” என்றாள், வீட்டில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கிற அதே குரலில்.

இத்தனை வருஷமாக நாக்கு நுனியிலேயே இருந்த பதில், என் பேச்சு ஒரு ஆளையாவது... ஒவ்வொரு ஞாயிறும் இந்தக் கொஞ்ச நேரத்தில் இவள் இப்படித்தான் அழுதுகொண்டிருந்தாளா, நான் முதுகைக் காட்டி நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோதெல்லாம்?

“உனக்கு...” என்று ஆரம்பித்தார் போதகர். மேடையில் இளையவன் ஆமென் என்றான், சபை முழுவதும் ஆமென் என்றது, அவளும் சொல்லிவிட்டு எழுந்து நின்றாள்.