சயீதின் ஈரப் படகு

"கலங்கல் வந்துடுச்சு!" என்று கரையில் யாரோ கத்தியதுதான் தாமதம். வாயில் வைத்த இஞ்சிரா ரொட்டியை மெல்லாமலே சயீது ஓடினான்.

மலை மழை ஆற்றில் இறங்கி தானா ஏரியைச் சிவப்பாக்கும் நாளில், முட்டையிடும் கெண்டைகள் ஆற்றுவாயில் வந்து குவியும். அங்கே முதலில் கழி ஊன்றி, பொழுது சாய்வதற்குள் வலை கட்டுகிறவனுக்கே பருவம் முழுக்க அந்த இடம் சொந்தம். மூன்று வருடமாக அது மச்சான் எந்திரிஸுக்கே போயிற்று. சயீதுக்கு மிஞ்சியது சேற்றுக் கெளுத்தியும் ஊராரின் கேலியும்தான்.

"ஓடுய்யா! எங்கண்ணன் கெளம்பியாச்சு!" என்று மனைவி செய்னபா வலைமூட்டையை எறிந்தாள்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. மரத்தில் சாய்த்துக் காயவைத்த கோரைப் படகை விட்டுவிட்டு, காலையில் ஓட்டிய ஈரப் படகில் ஏறிவிட்டான். பாதி வழியில் தண்ணீர் தொடையைத் தொட்டபோதுதான், ஊறிய கோரை அமுங்கும் என்பது உறைத்தது.

காய்ந்த படகில் எந்திரிஸ் சிட்டாய்க் கடந்து போனான்.

"என்ன மாப்ளே, குளிக்கவா வந்தே?"

"உங்க தங்கச்சிதான் ஊறப்போடச் சொன்னா, மச்சான்!"

வாய்தான் சிரித்தது, வயிறு எரிந்தது.

அப்போதுதான் மதியக் காற்று கிளம்பியது. எந்திரிஸின் லேசான படகைச் சுழற்றி நாணலுக்குள் தள்ளியது. தண்ணீர் குடித்த சயீதின் படகை அது அசைக்கவே இல்லை! அடேயப்பா, ஊறியதும் நல்லதுக்குத்தான்! உந்தினான், உந்தினான், ஆற்றுவாயில் ஓங்கிக் கழியை ஊன்றினான்.

"எனக்குத்தான்!"

சொல்லி வாய் மூடவில்லை, படகு அடியோடு அமுங்கியது. வலைமூட்டையை வெள்ளம் கொண்டுபோனது. கழுத்தளவு நீரில் கழியைக் கட்டிக்கொண்டு நின்றான் சயீது.

நாணலிலிருந்து மீண்டு வந்த எந்திரிஸ், சூரியனைப் பார்த்தான்.

"வலை இல்லாத கழி செல்லாது, மாப்ளே. பொழுது சாயுற வரைக்கும் நான் சும்மா ஒக்காந்திருந்தாலே போதும்."

"தெரியும், மச்சான்" என்ற சயீது திடீரென்று துள்ளினான். "ஐயோ, கையை விட்டுப் பாருங்க! காலுக்கு நடுவுல ஓடுது! கூட்டம் கூட்டமா!"

தோற்றதையே மறந்துவிட்டான். எந்திரிஸ் கையை நீருக்குள் விட்டான். கண்கள் விரிந்தன. தன் வலையின் முனையைத் தூக்கிப் போட்டான்.

"கழி ஒன்னுது, வலை என்னுது, மீனு பாதிப் பாதி. முடிச்சையாவது ஒழுங்காப் போடுடா!"

முடிச்சு இறுகும் முன்பே முதல் கெண்டை வந்து மோதியது. சயீது அதை அள்ளி மச்சானின் மடியில் போட்டான்.