நாற்பத்தொரு எண்கள்

'இயந்திரங்கள் மின்சாரத்தால் ஓடுவதில்லை. அவற்றின் அடிமடியில் ஒருவன் யோசித்து வைத்த எண்களால் ஓடுகின்றன. அந்த எண்களைக் காப்பவனே ஆலைகளைக் காக்கிறான்.'

திருமலைசாமி எழுதிய கையேட்டின் முதல் பத்தி இது. கையேடு நூற்றுப்பன்னிரண்டு பக்கம், சுருள்கம்பி பைண்டிங், மொத்தம் நாலு பிரதி. அதில் ஒன்று, பீளமேட்டு அலுவலகத்தில் ஸ்டோர் ரூம் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது.

கம்பெனி செய்தது நூல் மில்களுக்கான ஒரு கார்டு. கம்ப்யூட்டருக்குள் செருகினால் எந்த மெஷினில் எத்தனை இழை அறுந்தது என்று எண்ணிச் சொல்லும். கார்டும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ள, கம்ப்யூட்டரை ஆளும் யூனிக்ஸின் கர்னலுக்குள் உட்கார்ந்திருக்கும் டிரைவர் என்ற நிரல் ஒன்று தேவை. அதை எழுதியவர் திருமலைசாமி. டிரைவர் எழுதுகிறேன் என்று அவர் பெண் பார்க்கப் போன வீட்டில் சொல்லப்போய், எந்த லாரிக்கு என்று மாமனார் கேட்டது தனிக்கதை. கார்டை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பது, பதில் வராவிட்டால் எவ்வளவு பொறுப்பது என்பதையெல்லாம் ஒரு கோப்பில் எண்களாகக் கொடுக்கலாம். மற்றவர்கள் ஆறேழு எண்களோடு நிறுத்திக்கொள்ளும் இடத்தில் அவர் நாற்பத்தொன்று வைத்திருந்தார்.

அந்த நாற்பத்தொன்றையும் மூன்றாக்கலாம் என்று ஒருத்தி சொல்லிவிட்டாள்.

சித்திகா வேலைக்குச் சேர்ந்து ரெண்டரை வருஷம்தான் ஆகியிருந்தது. மீதி முப்பத்தெட்டையும் டிரைவரே கார்டிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும், மில்காரர்களை எதற்குக் கேட்பது என்பது அவள் கட்சி. அரைப்பக்கத் தாளில் எழுதி முதலாளி கோவிந்தராஜுலுவிடம் நீட்டினாள். அவர் நின்றவாக்கிலேயே படித்து முடித்தார். திருமலைசாமிக்கு அதுதான் பொறுக்கவில்லை. அவருடைய கையேட்டை முதலாளி வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அட்டை நல்லா இருக்குதுங்க என்று மட்டும் சொன்னவர்.

அன்றிலிருந்து திருமலைசாமியின் காது அவள் மேஜைப் பக்கமே கிடந்தது. முதலாளி அங்கே எத்தனை முறை சிரித்தார் என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரியும். தன் மேஜையில் அவர் கடைசியாகச் சிரித்தது பொங்கலுக்கு முன்பு என்பதும் தெரியும். பெரியநாயக்கன்பாளையத்து மில்லிலிருந்து போர்மேன் நஞ்சுண்டன் போன் செய்தபோது எடுத்தவரும் அவரேதான்.

"திருமலைசாமி பேசறேன், சொல்லுங்க" என்றார்.

"உங்களுக்கு எதுக்குங்க சார் சிரமம்? அந்த அம்மணி இருந்தாக் குடுத்துருங்களேன்" என்றார் நஞ்சுண்டன்.

ரிசீவரை நீட்டிய கை பிறகு வெகுநேரம் சூடாகவே இருந்தது.

இந்தச் சமயத்தில்தான் புதுக் கார்டு ஒன்று வந்தது. அதன் டிரைவரை வடிவமைக்கப்போவது யார் என்ற கேள்வியும் கூடவே வந்தது. வியாழக்கிழமை மில்லுக்கே போய், இரண்டு விதமாகவும் ஓட்டிப் பார்த்து முடிவு பண்ணிக்கலாங்க என்றார் முதலாளி. திருமலைசாமி அம்பாசடரின் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். பின்சீட்டில் முதலாளி சித்திகாவிடம் பேசிக்கொண்டே வந்ததில், துடியலூர் தாண்டும்வரை முன் சீட்டைப் பிடித்த புத்தியை நொந்துகொண்டார்.

மில்லில் அவருக்கென்று ஒரு பெருமை இருந்தது. இரண்டு வருஷமாக அங்கே கம்ப்யூட்டர் ஒருமுறைகூடத் தானாக நின்றதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் வந்து பதினேழாம் எண்ணைப் பன்னிரண்டிலிருந்து பதினாலாக்குவார். கம்ப்யூட்டரை அணைத்துப் போடச் சொல்லிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு மெஷின் சத்தத்தைக் கேட்பார். "இப்ப எப்படி?" என்பார். "தேவலைங்க சார்" என்பார் நஞ்சுண்டன். அடுத்த தடவை பதினாலைப் பன்னிரண்டாக்குவார். அப்போதும் தேவலைதான். வீடு தேடி வந்தவரை மனம் நோகப் பேசும் வழக்கம் நஞ்சுண்டனுக்கு இல்லை.

இன்று முதலாளி பக்கத்தில் நின்றதால் திருமலைசாமி கண்ணைத் திறந்தே வைத்திருந்தார். கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது. திரையில் வரிகள் ஓடின. ஒரு வரியில் முதலாளி விரலை வைத்தார்.

"கோப்பு இல்லைன்னு ஏனோ வருதுங்களே?"

"அது எப்பவும் வர்றதுதானுங்க," என்றார் நஞ்சுண்டன். "ரெண்டு வருசமா வருதுங்க."

சித்திகா குனிந்து பார்த்தாள். உடனே நிமிரவில்லை. டிரைவரை ஏற்றிவிடும் நிரல், நாற்பத்தொரு எண்கள் இருக்கும் கோப்பைத் திருமலைசாமியின் பெயரில் தேடியது. தேடிய பெயரில் சாமிக்கு ஒரு ஆங்கில 'ஏ'. கோப்பின் பெயரிலோ இரண்டு 'ஏ'.

காந்திபுரத்து எண்கணித ஜோதிடர் ஒருவர், பெயரில் ஒரு எழுத்தைக் கூட்டினால் பதவி கூடும் என்று சொல்லியிருந்தார். திருமலைசாமி பெயர்ப்பலகையில் கூட்டினார், விசிட்டிங் கார்டில் கூட்டினார், கோப்பிலும் கூட்டினார். நிரலில் கூட்ட மறந்துபோனார். அதிலிருந்து சரியாக இரண்டு வருஷம்.

"அப்ப இத்தனை நாளா எந்த நம்பர்லீங்க ஓடுச்சு?" என்று முதலாளி கேட்டார்.

கோப்பு கிடைக்காவிட்டால் எடுத்துக்கொள்ளவென்று டிரைவருக்குள்ளேயே சில எண்கள் இருக்கும். அற்ப வேலை என்று திருமலைசாமி அதை வேறொருவர் தலையில் கட்டியிருந்தார்.

"நான் சேர்ந்த முதல் வாரம் சார்தான் எதையாச்சும் போட்டு வைக்கச் சொன்னாருங்க," என்றாள் சித்திகா. "அந்த நம்பருங்க."

சொன்ன குரலில் கர்வம் இருந்திருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் சாரைப் பார்க்காமல் விசைப்பலகையைப் பார்த்தாள். முதலாளியும் சிரிக்கவில்லை. இருவரும் சேர்ந்து தன்மேல் இரக்கப்படுகிறார்கள் என்று தெரிந்ததும் திருமலைசாமி திரைக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஒரு எழுத்துப் பிழைங்க, அவ்வளவுதான்," என்றார். "அதைத் திருத்திப்போட்டு என் நம்பரை ஓட்டுங்க. வித்தியாசம் அப்பத் தெரியும்."

வேண்டாங்க சார், ஷிப்டு ஓடிட்டிருக்குது என்று சித்திகா மெல்லச் சொன்னாள். அவள் பயப்படுகிறாள் என்று அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. அவளை நகரச் சொல்லி, தானே உட்கார்ந்து நிரலில் இன்னொரு 'ஏ'யைச் சேர்த்தார். கம்ப்யூட்டர் அணைந்து எழுந்தது. கோப்பு இல்லை என்ற வரி வரவில்லை. நாற்பத்தொரு எண்களும் இரண்டு வருஷத்தில் முதல்முறையாக உள்ளே போயின. திருமலைசாமி முதலாளியைப் பார்த்தார்.

நாலாவது நிமிஷம் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது.